ஆயில் குடிக்காத வண்டி

எங்கள் டிராக்டர் ஆயிலே குடிக்காது என்று டீக்கடையில் நான் பெருமை பேசாத நாள் கிடையாது. மற்றவர்கள் பத்து நாளைக்கு ஒரு முறை அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று ஊற்றிக்கொண்டிருப்பார்கள். நான் காலையில் ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பேன். மேல் கோட்டில் அப்படியே நிற்கும். சில நாள் கோட்டுக்கும் ஒரு நூல் மேலேயே இருக்கும். போன முறை ஊற்றும்போது கொஞ்சம் கூடப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, குச்சியைத் துடைத்துச் செருகிவிட்டு ஓட்டப் போய்விடுவேன். குறையாத ஆயிலைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தச் சந்தேகம் வருவதற்குள் ஆறு மாதத்தில் இரண்டு முறை, இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பைக் கழற்றியாகிவிட்டது.

வண்டி மாஸி பெர்குசன் 1035, 1988 மாடல். பெர்கின்ஸ் வடிவமைப்பை ஒட்டிய மூன்று சிலிண்டர் சிம்ப்சன் இன்ஜின். ஆர்.சி. புத்தகத்தில் மாவட்டம் வட ஆற்காடு என்று இருக்கும். அடுத்த வருடமே அந்த மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். அப்புறம் நம் பக்கம் வேலூர் மாவட்டம் ஆனது. 2019-இல் வேலூரும் மூன்றானது. இத்தனைக்கும் வண்டி அதே இன்ஜினோடு அணைக்கட்டுப் பக்கத்தில் எங்கள் நிலத்தைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. நைனா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவர் காலத்தில் ஒரு முறை இன்ஜின் வேலை நடந்திருக்கிறது. என்ன மாற்றினார்கள், எந்த சைஸ் போட்டார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை.

முதல் சத்தம் தை மாதம் வந்தது. அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். மேட்டில் ஏறும்போது இன்ஜினுக்கு அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று, மரச் சுத்தியால் உரலைத் தட்டுவது மாதிரி ஒரு கனத்த சத்தம். ஆக்சிலேட்டரைக் குறைத்தால் மறைந்துவிடும். சும்மா நிறுத்தி வைத்து ஓடவிட்டால் கேட்காது. லோடு இழுக்கும்போது மட்டும் வரும். வால்வைத் தள்ளும் டேப்பட்டின் சத்தம் என்றால் மேலே, ஹெட்டில், தையல் மெஷின் மாதிரி ‘டிக் டிக்’ என்று கேட்கும். அது இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குமே தவிர லோடைப் பார்த்து வராது. கீழிருந்து, கனமாக, லோடில் மட்டும் வருவது பெரும்பாலும், பிஸ்டனைக் கிராங்கோடு (இன்ஜினின் அடியில் சுற்றும் தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்ப் பேரிங். இது இப்போது தெரிகிறது. அன்றைக்கு, ‘டிரெய்லர் கொக்கி ஆடுது போல’ என்று இரண்டு நடை கூடவே ஓட்டினேன்.

ஆலையில் கட்டிங் ஆர்டர் கொடுத்த தேதி ஓடிக்கொண்டிருந்தது. வெட்டாள் வந்து நிற்கிறார்கள். வெட்டிய கரும்பு வயலில் கிடந்தால் எடையும் போகும், சர்க்கரையும் போகும். அந்த அவசரத்தில் ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். களத்துப் புளியமரத்தடியில் முன் ஆக்சிலைத் தள்ளி, இன்ஜினுக்கு முட்டுக் கொடுத்து, சம்பை இறக்கினார். மூன்று கனெக்டிங் ராடுக்கும் பழைய பேரிங் என்ன சைஸோ அதே சைஸில் புதிது வாங்கிப் போட்டார். கிராங்கை மைக்ரோமீட்டர் வைத்து அளக்கவில்லை, விரலால் தடவிப் பார்த்தார். காற்று அடித்துக்கொண்டிருந்தது, புளிய இலை சம்புக்குள் உதிர்ந்துகொண்டிருந்தது. ஒன்றரை நாளில் வேலை முடிந்தது, செலவு 11,000 ரூபாய். அவரை நான் குறை சொல்லப் போவதில்லை. “இன்னைக்கே ஓடணும்” என்று ஒரு மணிக்கு ஒரு முறை நச்சரித்தது நான்தான். சத்தம் நின்றுவிட்டது, கரும்பும் போய்ச் சேர்ந்தது.

ஆனி மாதம், மானாவாரி வேர்க்கடலைக்கு உழுதுகொண்டிருந்தபோது திரும்பி வந்தது. இந்த முறை ஒரே நாளில் முற்றியது. ஆயில் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தேன். காலையில் முள் நன்றாக நின்றது. வெயில் ஏறி இன்ஜின் சூடானதும் ஐடிலில் 10 பவுண்டுக்கும் கீழே விழுந்தது. கேஜ் கெட்டுவிட்டது என்று நினைக்கத்தான் மனசு வந்தது. ஆனாலும் ஏதோ தோன்றி, வண்டியை நடு வயலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். அதற்கப்புறம் அதைக் கட்டி இழுத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்றைக்குச் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. பேரிங் சத்தம் கேட்ட பிறகு ஓட்டும் ஒவ்வொரு மணி நேரமும் கிராங்கைத் தின்கிறது. முற்றிப்போனால் பேரிங் சுற்றிக்கொண்டு, ராடு உடைந்து, பிளாக்கில் ஓட்டை விழுந்துவிடும். அதற்கு மேல் இன்ஜின் பழைய இரும்புக்குத்தான்.

இந்த முறை என் மச்சான் சொல்லி வேறு ஒரு மேஸ்திரி வந்தார். அறுபதைத் தாண்டியவர். வந்ததும் ஸ்பானரைத் தொடவில்லை. ஆயில் குச்சியை உருவினார், பார்த்தார், மூக்கிடம் கொண்டுபோனார்.

“இன்னாபா இது, ஆயிலா டீசலா?”

“ஆயில்தான் மேஸ்திரி. தை மாசம் மாத்தினது.”

“மோந்து பாரு.”

மோந்து பார்த்தேன். டீசல் வண்டியில் எதைத் தொட்டாலும் டீசல் வாடைதான், அதனால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, குச்சியிலிருந்து ஒரு சொட்டு அதில் விட்டார். பக்கத்தில், கேனில் இருந்த புது ஆயில் ஒரு சொட்டு. அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். புது ஆயில் விழுந்த இடத்தில் ஒரு ரூபாய் அகலத்தில் சுருங்கி நின்றது. எங்கள் ஆயில் நடுவில் கறுப்பாகவும், அதைச் சுற்றி எண்ணெய்க் காகிதம் மாதிரி வெளிறிய வளையமாகவும் தாள் ஓரம் வரை ஓடியிருந்தது. அந்த வளையம் டீசல். குச்சியில் ஆயில் குறையாததற்குக் காரணம் அதுதான். எரிந்தும் ஒழுகியும் போன ஆயிலின் இடத்தை டீசல் வந்து நிரப்பிக்கொண்டிருந்தது. நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்ததெல்லாம் பாதி டீசலைப் பார்த்து.

கிராங்க் பேரிங்கின் மேல் உரசிக்கொண்டு ஓடுகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நல்ல இன்ஜினில் இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லையாம். சுற்றும் கிராங்க் ஆயிலைத் தனக்கடியில் இழுத்துக்கொண்டு அதன் மேல் மிதக்கிறது. ஈர வரப்பில் கால் வைத்தால் காலுக்கும் மண்ணுக்கும் நடுவில் தண்ணீர் நின்று வழுக்குமே, அந்த மாதிரி. ஆயில் கெட்டியாக இருந்தால்தான் அந்தப் படலம் தாங்கும். டீசல் கலந்து நீர்த்துப்போனால், லோடு விழும்போது படலம் கிழிந்து இரும்பும் பேரிங்கும் நேராகத் தொடும். சூட்டில் ஆயில் இன்னும் இளகும். மே, ஜூனில் 40 டிகிரிக்கு மேல் காயும் வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் எந்த சிலிண்டர் என்று பார்த்தார். இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தினார். அந்த சிலிண்டருக்கு டீசல் போகாததால் அங்கே லோடு இறங்கும். மூன்றாவதைத் தளர்த்தியதும் சத்தம் பாதிக்கு மேல் அடங்கியது. இதைச் செய்பவர்கள் நட்டின் மேல் துணியைப் போர்த்தி, முகத்தையும் கையையும் விலக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பைப்பில் வரும் டீசலின் அழுத்தம் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகக்கூடியது. சும்மா பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

டிராக்டருக்கு லாரி மாதிரி தனியாக சேசிஸ் கிடையாது. முன் ஆக்சில், இன்ஜின், கியர் பாக்ஸ், பின் ஹவுசிங் எல்லாம் ஒன்றோடொன்று போல்ட்டில் நிற்பதுதான் அதன் முதுகெலும்பு. நடுவில் இன்ஜினை எடுத்தால் இரண்டு பக்கமும் சாயும். முன் ஆக்சில் நடுவில் ஒரே முளையில் ஆடுவது, ஆகவே பிரிப்பதற்கு முன் அதன் இரண்டு பக்கமும் மரச் சக்கை அடித்து இறுக்கினார். கியர் பாக்ஸுக்கு அடியில் ரயில்வே கட்டை அடுக்கினார். ஜாக்கியைத் தூக்க மட்டும்தான் பயன்படுத்தினார், தாங்க அல்ல. செயின் பிளாக்கைப் புளியமரக் கிளையில் மாட்டலாம் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரும்புக் குழாயில் செய்த முக்காலி ஒன்றை ஊரிலிருந்து கொண்டுவரச் சொன்னார்.

மரத்தடியிலும் வேலை செய்ய மாட்டேன் என்றுவிட்டார். மாட்டுக் கொட்டகையின் ஒரு பக்கத்தைக் காலி செய்து, தரையில் தண்ணீர் தெளித்து, காற்று வரும் பக்கம் பழைய புடவைகளை நனைத்துக் கட்டினோம். நைனா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, “இன்ஜினுக்குப் பிரசவம் பாக்குறியாடா?” என்று சிரித்தார்.

மூன்றாவது ராடின் கேப்பை, அதாவது பேரிங்கை அடியில் பிடிக்கும் அரை வட்ட மூடியை, கழற்றியபோது சிரிப்பு நின்றது.

புதுப் பேரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அரை வட்டமாக, உள்பக்கம் மங்கிய சாம்பல் நிறத்தில், ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரம் மாதிரி இருக்கும். பூச்சு மாதிரி அல்ல, நிஜமாகவே ஈயப் பூச்சுதான். முதுகு எஃகு, நடுவில் செம்பும் காரீயமும் கலந்த அடுக்கு, மேலே காரீயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய பூச்சு. பாத்திரத்தில் ஈயம் போனால் பித்தளை தெரிவது போல, இதில் பூச்சு போனால் செம்பு தெரியும். எங்கள் மூன்றாவது பேரிங்கில் செம்பும் போய், இடையிடையே எஃகு கண்ணைக் காட்டியது. ஐந்து மாதம் முன்பு போட்டது! மேல் பாதி கீழ்ப் பாதியைவிட மோசம். டீசல் வெடித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளும் அடியை ராடில் வாங்குவது மேல் பாதிதான். கிராங்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கில் இது தலைகீழ். அங்கே கீழே இருக்கும் கேப் பக்கம்தான் அதிகம் தேயும். இப்படித் தேய்ந்திருந்தால் அது லோடு தேய்மானம், இயல்பு. ஓரத்தில் மட்டும் குறுக்காகத் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வட்டமாகக் கோடு கோடாகக் கிழித்திருந்தால் ஆயிலில் மண். எங்களுடையதில் கோடும் இருந்தது. புளியமரத்தடியின் தயவு.

மேஸ்திரி அந்தப் பேரிங்கைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தார். முதுகில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். மடித்து வைத்த சில்வர் பேப்பர். சிகரெட் பெட்டிக்குள் இருக்குமே, அது. கிராங்க் தேய்ந்து பேரிங் லூசாக உட்கார்ந்ததால், முதுகில் பேப்பர் வைத்து இறுக்கம் காட்டியிருக்கிறார்கள். பேப்பர் கருகி, பேரிங்கின் முதுகு நீலம் பாரித்திருந்தது.

“பேரிங் முதுகு ராடுல பச்சக்குனு ஒட்டி உக்காந்தாத்தான் சூடு எறங்கும். நடுவுல காகிதம் வெச்சா எப்டி எறங்கும்? வயித்துக்கும் சோத்துக்கும் நடுவுல இலைய வெச்ச மாதிரி.”

நைனா கட்டிலிலிருந்து, “எங்க காலத்துல அப்டித்தான் வெப்போம், ரெண்டு வருசம் ஓடும்” என்றார். மேஸ்திரி அவரை மரியாதையாகப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கேப்பை அரத்தில் ராவுவதும் இதே ரகம்தான். ராடும் கேப்பும் சேர்ந்து ஒரே வட்டமாகக் கடைந்தவை. ஒன்றை ராவினால் அந்த வட்டம் முட்டையாகிவிடும், அப்புறம் எந்தப் புதுப் பேரிங்கும் அதில் சரியாக உட்காராது.

சம்பின் அடியில் கை விட்டுத் துழாவினேன். ஆயிலோடு ஜிகினா மாதிரி மினுமினுப்பாக ஒட்டியது. ஐந்து மாதத்துப் பேரிங், பொடியாக. ஆயில் வடிகட்டி வலையிலும் அதே ஜிகினா.

கழற்றும்போது ஒவ்வொரு கேப்பையும் அதன் ராடோடு, அதே பக்கம் பார்த்து, போல்ட்டோடு சேர்த்து வைத்தார். மெயின் கேப் நான்கையும் தென்னை மட்டையில் வரிசையாக அடுக்கி, எண் போட்டார். என் அக்கா மகன், பாலிடெக்னிக் படிக்கிறவன், ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டான். அது எவ்வளவு உதவியது என்று திரும்பப் பூட்டும்போது தெரிந்தது.

கிராங்கை எண்ணெய்த் துணியும் சாக்கும் சுற்றி, சைக்கிள் டியூபால் கட்டி, டிவிஎஸ் 50-இன் கால் வைக்கும் பலகையில் ஏற்றி வேலூருக்குக் கொண்டுபோனோம். கிரைண்டிங் பட்டறையில், கிராங்கில் ராடு உட்காரும் ஒவ்வொரு பின்னையும் நான்கு இடத்தில் அளந்தார்கள். ஒரு திசையில் ஒரு அளவு, அதற்குக் குறுக்கே ஒரு அளவு, அதே மாதிரி மறு ஓரத்தில். மூன்றாவது பின்னில் இரண்டு திசைக்கும் 4 தௌ வித்தியாசம், அதாவது 0.1 மில்லிமீட்டர். விரலால் தடவினால் பளிங்கு மாதிரி வழவழ என்றுதான் இருக்கும். முட்டை வடிவம் விரலுக்குத் தெரியாது. 2 தௌ தாண்டினாலே கடைய வேண்டியதுதான் என்றார்கள். அந்தக் கிராங்கில் வட்டமான புதுப் பேரிங்கை முதல் தடவை போட்டது, கோணிய காலுக்குப் புதுச் செருப்பு போட்ட கதை.

சைஸ் விஷயம் தெரியாதவர்களுக்கு: கிராங்கைக் கடைந்தால் அது மெலியும், அதற்கேற்ப பேரிங் தடிமனாக வேண்டும். ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு கடைந்தால் 10 சைஸ் (0.25 மி.மீ.), அப்புறம் 20 சைஸ் (0.50), 30 சைஸ் (0.75). பேரிங்கின் முதுகில் 010, 020 என்று குத்தியிருக்கும். எங்களுடையதில் பழையது 010. நைனா காலத்து வேலையில் ஒரு முறை கடைந்திருக்கிறார்கள். இந்த முறை ராடு பின்கள் மூன்றும் 20-க்குப் போயின. மெயின் பேரிங்குக்குள் சுற்றும் ஜர்னல்கள் நான்கும் வட்டமாகவே இருந்ததால் பாலிஷ் மட்டும் போட்டு 10-லேயே நிறுத்திக்கொண்டோம். மெயினும் ராடும் ஒரே சைஸில்தான் இருக்க வேண்டும் என்று எதுவும் கிடையாது. ஆனால் கடைக்குப் போகும்போது இது மறந்துபோகும், எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

பட்டறைக்காரர் ஒன்று சொன்னார், அது எனக்குப் புதிது. முதலில் பேரிங்கை வாங்கிக் கொடுங்கள், ராடில் பூட்டி இறுக்கி உள் அளவை எடுத்துவிட்டு, அதற்கேற்பக் கிராங்கைக் கடைகிறேன் என்றார். எத்தனை சைஸில் தேய்மானம் முழுசாகப் போகும் என்று பார்த்துச் சொல்வார், நாம் வாங்கி வர வேண்டும், அப்புறம் கடைசல். ராடையும் வளைவு பார்க்கக் கொடுத்தோம். பின்னின் ஓரத்தில், பக்கச் சுவரோடு சேரும் இடத்தில், ஒரு சின்ன வளைவு இருக்கும். கடையும்போது அந்த வளைவைக் காப்பாற்ற வேண்டும். கூர் மூலையாக வெட்டிவிட்டால் கிராங்க் அங்கேதான் உடையும். வேலை முடிந்து வாங்கும்போது நகத்தை வைத்து அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வேலூரில் ராடு பேரிங் கிடைத்தது. த்ரஸ்ட் வாஷர் கிடைக்காமல், சென்னை ஜி.பி. ரோடு வரை பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது அந்த வாஷர்தான். கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் அதன் மேல்தான் சுமை. வீட்டுக்கு வந்து ராடு பேரிங் பெட்டியைப் பிரித்தால், மேலே 020 என்று ஒட்டியிருந்த பெட்டிக்குள் ஒரு ஜோடி 010. கடைக்காரர் மறு பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். பிரித்துப் பார்க்காமல் பூட்டியிருந்தால்? பெட்டியை நம்பாமல் ஒவ்வொன்றின் முதுகையும் திருப்பிப் பார்ப்பது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

கடைந்து வந்த கிராங்க் பளபளவென்று இருந்தது. கழுவித்தான் கொடுத்தோம் என்றார்கள். மேஸ்திரி ஒரு சைக்கிள் போக் கம்பியை எடுத்து, அதன் முனையில் பஞ்சை விளக்குத் திரி மாதிரி திரித்துச் சுற்றி, பெட்ரோலில் நனைத்து, கிராங்கின் ஆயில் ஓட்டைக்குள் விட்டு இழுத்தார். வெள்ளைத் திரி சாம்பல் நிறத்தில் வந்தது. கடைசல் கல்லின் பொடி. கிராங்கில் மெயினிலிருந்து ராடு பின்னுக்குக் குறுக்காக ஓட்டைகள் ஓடுகின்றன, அந்தப் பொடியெல்லாம் அதற்குள்தான் ஒளிந்துகொள்ளும். இன்ஜின் ஓடிய முதல் நிமிடத்தில் நேராகப் புதுப் பேரிங்குக்குப் போகும். ஒன்பது திரி மாற்றினார். ஒன்பதாவது வெள்ளையாக வந்த பிறகு காற்று அடித்தார். பிளாக்கின் ஆயில் வழிகளுக்கும் அடைப்பு நட்டைக் கழற்றி இதே வேலை. ஒரு முழுக் காலை இதிலேயே போயிற்று. மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் காலைதான்.

பூட்டும்போது பேரிங்கின் முதுகும், அது உட்காரும் இடமும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். உள்பக்கம் மட்டும் ஆயில். நான் பழக்கதோஷத்தில் முதுகிலும் ஆயில் தடவ, கையைத் தட்டிவிட்டார். மெயின் பேரிங்கில் ஓட்டை உள்ள பாதி பிளாக் பக்கம் போக வேண்டும், பிளாக்கின் ஆயில் ஓட்டையும் பேரிங் ஓட்டையும் நேராக நிற்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் ஆயில் வழி அடைபட்டுவிடும். பேரிங் தன் இடத்தில் உட்கார்ந்ததும் இரண்டு முனையும் மயிரிழை மேலே துருத்தி நிற்கும். அது தப்பு என்று நினைத்து ராவுகிறவர்கள் உண்டு. கேப்பை இறுக்கும்போது அந்த மயிரிழைதான் பேரிங்கை நசுக்கி, சுற்றாமல் பிடிக்கிறது.

இடைவெளி அளக்க அக்கா மகன் ஆன்லைனில் பிளாஸ்டிகேஜ் வாங்கியிருந்தான். மெழுகு நூல் மாதிரி ஒன்று. காய்ந்த பின்னின் மேல் ஒரு துண்டு வைத்து, கேப்பை முழு அளவுக்கு இறுக்கி, கிராங்கைத் திருப்பாமல் திரும்பக் கழற்றினால் நூல் நசுங்கியிருக்கும். நசுங்கிய அகலத்தை உறையில் அச்சடித்த கோட்டோடு ஒப்பிட வேண்டும். மேஸ்திரி, “மெழுவுல இன்னா அளவுடா வரும்?” என்றார். 0.06 மி.மீ. என்று வந்தது. பட்டறையில் மைக்ரோமீட்டரில் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். அதற்கப்புறம் மிச்ச இரண்டு ராடுக்கும் அவரே நூலை வெட்டி வைத்தார். பொதுவாகப் பின்னின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டி இடைவெளி இருக்கும் என்பது கணக்கு. எங்கள் பின் 57 மி.மீ. சுற்றளவு அல்ல, விட்டம். உங்கள் இன்ஜினுக்கு சர்வீஸ் புத்தகம் என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு.

டார்க் ரெஞ்ச்சில் ஒரே மூச்சில் இறுக்காமல் மூன்று தவணையாக இறுக்கினார். ஒவ்வொரு கேப் இறுக்கியதும் கிராங்கைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். நான்கு மெயினும் இறுக்கிய பிறகும் அது வெண்ணெய் மாதிரி சுற்றியது. எங்காவது பிடித்தால் கடைசியாக இறுக்கிய கேப்பில்தான் தப்பு, அதனால்தான் ஒவ்வொன்றாகப் பார்ப்பது. எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுச் சுற்றாமல் போனால் எங்கே தேடுவது? லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போட்டோம். அதை இங்கே நீட்டவில்லை.

பின் பக்க ஆயில் சீல் இந்த மாடலில் கயிறு. ரப்பர் சீல் பார்த்துப் பழகியவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். பள்ளத்தில் கயிற்றை வைத்து, உருண்டைக் கம்பியால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் உருட்டி அமுக்க வேண்டும். முனைகள் அரை மில்லிமீட்டர் வெளியே நீட்டியிருக்க வேண்டும். இந்த வேலையை நான் கேட்டு வாங்கிச் செய்தேன். அதன் பலன் கடைசியில் வருகிறது.

இவ்வளவு செய்தும் டீசல் எங்கிருந்து வந்தது என்பது பாக்கி இருந்தது. மேஸ்திரி பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் ஃபீட் பம்பைக் கழற்றி வந்தார். டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குத் தள்ளுவது. உள்ளே ஒரு ரப்பர் டயாஃபிராம். கேம் ஷாஃப்ட் அதை மேலும் கீழும் ஆட்டும். அதற்கு ஒரு பக்கம் டீசல், மறு பக்கம் நேராக இன்ஜின். ஒரு கிண்ணத்தின் மேல் பிடித்து, டீசல் வரும் வாயில் டீசல் ஊற்றி, கையால் நெம்புகோலை நாலு முறை அமுக்கினார். நெம்புகோல் இருக்கும் பக்கத்திலிருந்து, ஒரு சொட்டுக்கூட வரக் கூடாத இடத்திலிருந்து, சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழுந்தது. பிரித்துப் பார்த்தால் ரப்பரில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. எத்தனை வருடத்து ரப்பரோ, நான் அதை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அந்த டயாஃபிராம் கிட் சில நூறு ரூபாய். இரண்டாவது வேலைக்கு மொத்தம் 62,000 ரூபாய் ஆனது, ஆனிப் பட்டமும் போனது. ஆடியில் பக்கத்து நிலத்துக்காரர் வண்டியை வாடகைக்கு எடுத்துத்தான் விதைத்தோம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஃபில்டரில் ஆயில் நிரப்பி, ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்து, டீசல் போகாமல் செல்ஃபை மட்டும் பத்து பத்து விநாடியாக விட்டு விட்டு அடித்தோம். கேஜ் முள் அசைந்த பிறகுதான் கம்பியை விட்டார். பழைய கேஜை நம்பாமல் புதுக் கேஜ் போட்டிருந்தோம். இந்த இன்ஜினுக்குச் சூடான பிறகு முழு வேகத்தில் 30 முதல் 60 பவுண்டு இருக்க வேண்டும். எங்களுடையது 45-இல் நின்றது. புது இன்ஜின் என்று மணிக்கணக்கில் ஐடிலில் ஓடவிடுவது தப்பு, ரிங் லைனரில் படியாது என்றார். காலி டிரெய்லர், அப்புறம் லேசான கலப்பை. 50 மணி நேரம் வரை ரோட்டவேட்டர் கிடையாது. 50 மணியில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்துப் பார்த்தோம். ஜிகினா இல்லை.

இப்போது குச்சியில் ஆயில் குறைகிறது. பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு விரல். கால் லிட்டர் ஊற்றுகிறேன். மாதம் ஒரு முறை காலண்டர் தாளில் ஒரு சொட்டு விட்டு, தேதி போட்டு, கொட்டகைச் சுவரில் ஆணியில் குத்தி வைக்கிறேன். அக்கா மகன் அதை இன்ஜினின் ஜாதகம் என்கிறான். குறைகிற ஆயிலில் கொஞ்சம் எங்கே போகிறது என்பதும் தெரியும். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே காலையில் தரையில் இரண்டு சொட்டு இருக்கும். நான் உருட்டிய கயிறு சீல். அதற்காக வண்டியைத் திரும்ப இரண்டாகப் பிரிக்க முடியாது, அடுத்த கிளட்ச் வேலை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் அடியில் ஒரு கொட்டாங்குச்சி வைத்திருக்கிறேன்.